மண்ணில் உள்ள சத்து தட்டுக்கு வருகிறதா? குன்னூரில் விடை தேடிய ராபர்ட் மெக்கரிசன்

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. செம்பருத்தியோ ரோஜாவோ நன்றாகத்தான் வளரும். திடீரென்று புதுத் துளிர்கள் வெளிறி மஞ்சளாகும். இலை நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு போட்டதுபோல் நிற்கும். தண்ணீர் ஊற்றியாச்சு, உரம் போட்டாச்சு, அப்புறமும் ஏன் இப்படி?

பெரும்பாலும் அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொட்டியில் இருக்கும் செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் வந்ததே இரும்பால்தான். மண்ணில் இருக்கிறது, செடிக்கு இல்லை. இதே கேள்வியை இன்னும் ஒரு படி நீட்டினால், செடியில் இருப்பது நமக்குக் கிடைக்கிறதா என்று கேட்கலாம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு இந்த இரண்டாவது கேள்வியில் தொடங்கி, முதல் கேள்விக்கு வந்து சேர்ந்தவர் ஒருவர் உண்டு. அவர் விவசாயி இல்லை, ராணுவ மருத்துவர். பெயர் ராபர்ட் மெக்கரிசன்.

யார் இந்த மெக்கரிசன்?

அயர்லாந்தின் வடக்கே போர்ட்டடவுன் என்ற ஊரில் 1878 மார்ச் 15 அன்று பிறந்தவர். பெல்ஃபாஸ்ட்டில் மருத்துவம் படித்து 1900இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து கப்பல் ஏறினார். முதலில் அனுப்பப்பட்ட இடம், இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு மலைப்பகுதியான சித்ரால். அங்கே படைவீரர்களை மூன்று நாள் படுக்கப்போட்டுவிட்டு மறையும் ஒரு காய்ச்சலைப் பற்றி எழுதினார். அது மணல் ஈயால் பரவும் காய்ச்சல் என்று பின்னர் தெளிவானது.

1904 முதல் 1911 வரை கில்கிட்டில் மருத்துவராக இருந்தார். அவர் வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்த ஊர் அதுதான்.

கில்கிட் கால்வாயும் கழுத்து வீக்கமும்

கில்கிட் கிராமங்களில் முன்கழுத்துக் கழலை சர்வசாதாரணம். தைராய்டு சுரப்பி வீங்கி, கழுத்தில் பை தொங்குவதுபோல் தெரியும் நோய் அது. சில குழந்தைகள் பிறவியிலேயே வளர்ச்சி குன்றி, காது கேளாமல், பேச முடியாமல் இருந்தன.

மெக்கரிசன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஒரே வாய்க்கால் தண்ணீரை வரிசையாகப் பல கிராமங்கள் குடித்தன. மேலே இருக்கும் கிராமத்தில் நோய் குறைவு, கீழே போகப் போக அதிகம். அப்படியென்றால் வழியில் தண்ணீரில் ஏதோ கலக்கிறது என்று அவர் நினைத்தார். தண்ணீரை வடிகட்டி, தங்கிய வண்டலைத் தானே தினமும் உட்கொண்டார். விருப்பப்பட்டு முன்வந்த சிலருக்கும் கொடுத்தார். சில வாரங்களில் சிலருக்குக் கழுத்து வீங்கத் தொடங்கியது. வண்டலைக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் அப்படி ஆகவில்லை. ஆகவே இது தண்ணீர் வழியாக வரும் தொற்று என்ற முடிவுக்கு வந்தார்.

சோதனை துணிச்சலானதுதான். ஆனால் அந்த முடிவு பின்னால் நிலைக்கவில்லை. 1910களின் இறுதியில் அமெரிக்காவின் ஒஹாயோவில் டேவிட் மரைன் பள்ளிச் சிறுமிகளுக்கு அயோடின் கொடுத்துக் கழலையைத் தடுத்துக் காட்டினார். இந்தியாவில் 1956இல் இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசாமி குழுவினர் அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்து ஆய்வைத் தொடங்கினர். அதன் பலன் தெரிந்தபின், 1962இல் தேசிய அளவில் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது.

மலைப்பகுதிகளில் பனியும் மழையும் காலங்காலமாக மேல்மண்ணை அரித்துக்கொண்டே இருக்கும். அயோடின் கரைந்து போய்விடும். பயிர்கள் வளர அயோடின் கட்டாயம் இல்லை. மண்ணில் இருந்தால் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டாலும் செழித்து வளரும். விளைச்சலைப் பார்த்து யாரும் எந்தக் குறையும் சொல்ல முடியாது. குறை தெரிவது, அதைச் சாப்பிட்ட மனிதர்களின் கழுத்தில்தான்.

பயிர் நன்றாக இருக்கிறது என்பதும், அதைச் சாப்பிடுபவர் நன்றாக இருப்பார் என்பதும் ஒன்றல்ல. கில்கிட்டில் மெக்கரிசன் கண்முன்னே இருந்த பாடம் இது. அப்போது அவருக்கே அது பிடிபடவில்லை.

குன்னூரில் ஓர் அறை

முதல் உலகப் போர் முடியும் நேரத்தில், 1918இல், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில் அவரது ஆய்வுக்கூடம் தொடங்கியது. அதற்குப் பெயர் பெரிபெரி விசாரணைப் பிரிவு. பெரிபெரி என்பது கால் மரத்து, உடம்பு வீங்கி, இதயம் செயலிழக்கும் நோய். தயமின் என்ற பி1 வைட்டமின் குறைவால் வருவது.

அன்றைய சென்னை மாகாணத்தில் இந்த நோய் எல்லா இடத்திலும் இல்லை. வடக்கே ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில்தான் அதிகம். அங்கே மில்லில் நன்றாகத் தீட்டிய பச்சரிசி சாப்பாடு. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பித்தன. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும். அதன்பின் தீட்டினாலும் முழுதாகப் போகாது. நம்ம பாட்டிமார்கள் வைட்டமின் என்ற சொல்லையே கேட்காமல் செய்த வேலை இது. கோயம்புத்தூரில் அரசு வேளாண் வேதியியலாளராக இருந்த நாரிஸுடன் சேர்ந்து மெக்கரிசன் அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1924இல் வெளியிட்டார்.

இடையில் ஒரு சோதனை வந்தது. போருக்குப் பிந்தைய செலவுக் குறைப்பில் அரசு இந்த ஆய்வையே 1923இல் நிறுத்திவிட்டது. சத்துக்குறைவால் வரும் நோய்களைப் பற்றிய ஆய்வு, வெட்டக்கூடிய செலவாகத் தெரிந்திருக்கிறது! 1925இல் மறுபடி உயிர் பெற்றது. 1928இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. அதன் முதல் இயக்குநர் மெக்கரிசன்.

எலிகள் சொன்ன கணக்கு

குன்னூரில் அவர் செய்த மிகப் பிரபலமான சோதனை எலிகளை வைத்துத்தான். இந்தியாவின் பல பகுதிகளில் மக்கள் உண்ணும் சாப்பாட்டை அப்படியே எலிக்கூட்டங்களுக்குக் கொடுத்தார். ஒரு கூட்டத்துக்கு சீக்கியர் உணவு, ஒன்றுக்குப் பட்டாணியர் உணவு, பிறகு மராத்தியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி, கடைசியாக மதராஸி.

முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி சாப்பிட்ட சீக்கிய எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. பட்டியலின் கடைசியில் நின்றது மதராஸி எலி. தீட்டிய அரிசியே பிரதானம், பால் மிகக் குறைவு, காய்கறியும் கொஞ்சம்தான் என்பதே அந்த உணவுக்கு அவர் வைத்த மாதிரி.

இதைக் கேட்டதும் நமக்குக் கோபம் வரலாம். ஆனா அவர் அளந்தது ஓர் இனத்தை அல்ல, ஒரு சாப்பாட்டுத் தட்டை. அதே கூடத்தில் இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளர் உணவையும் எலிகளுக்குக் கொடுத்தார். வெள்ளை ரொட்டி, மார்கரின், டின்னில் அடைத்த இறைச்சி, வேகவைத்துச் சாரம் போன காய்கறி, சர்க்கரை போட்ட தேநீர். அந்த எலிகள் நோஞ்சானாகி, ஒன்றையொன்று கடித்துக் கொன்றன. தன் சொந்த நாட்டு உணவுக்கும் அவர் சலுகை காட்டவில்லை.

நம் பக்கம் கம்பு, கேழ்வரகு, கீரை என்று சாப்பிட்ட வீடுகளும் அந்தக் காலத்தில் ஏராளம். அவர் மாதிரியாக எடுத்த மதராஸித் தட்டில் அதற்கெல்லாம் இடம் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சைதாப்பேட்டையில் தொடங்கிய வழி

தட்டிலிருந்து மண்ணுக்கு அவர் வந்த கதை கோயம்புத்தூரில் நடக்கிறது. ஆனால் அதன் வேர் தென்சென்னையில் இருக்கிறது.

தாம்பரத்தில் கடற்கரை ரயில் ஏறுபவர்கள் கிண்டி தாண்டியதும் சைதாப்பேட்டையைக் கடக்கிறார்கள். 1860களில் அங்கே அரசின் சோதனைப் பண்ணை இருந்தது. 1868இல் அங்கே தொடங்கிய வேளாண் பள்ளியைத்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் தொடக்கமாகக் குறிப்பிடுகிறது. 1906இல் அது கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே 1909இல் ஒரு நிரந்தர உரச் சோதனை வயல் போட்டார்கள். ஒரு பாத்திக்கு எதுவும் போடுவதில்லை. ஒன்றுக்கு மாட்டு எரு. மற்றவற்றுக்கு ரசாயன உரம், விதவிதமான சேர்க்கையில். வருடம் மாறினாலும் பாத்தி மாறாது. இந்தியாவின் மிகப் பழைய நீண்டகால உரச் சோதனைகளில் அதுவும் ஒன்று.

வேளாண் துறை அந்த வயலில் விளைச்சலை எடைபோட்டுக்கொண்டிருந்தது. மெக்கரிசனுக்கு வேறு கேள்வி. ஒரே விதை, ஒரே ஊர், வேறு வேறு உரம். விளைந்த தானியம் சாப்பிடுபவருக்கு ஒரே மாதிரி இருக்குமா?

வேளாண் வேதியியலாளர் பி. விஸ்வநாத்துடன் சேர்ந்து சிறுதானியத்தையும் கோதுமையையும் எடுத்துக்கொண்டார். வெவ்வேறு பாத்திகளில் விளைந்த தானியத்தைப் பறவைகளுக்கும் எலிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மாட்டு எரு போட்ட பாத்தியில் விளைந்ததைத் தின்றவை மற்றவற்றைவிட நன்றாக வளர்ந்தன. 1926இல் முடிவு வெளியானது. வித்தியாசத்துக்குக் காரணம் தானியத்தில் உள்ள வைட்டமின்கள்தான் என்று அவர்கள் விளக்கினார்கள். அதே காலகட்டத்தில் விவசாயம் பற்றிய ராயல் கமிஷனிடமும் மெக்கரிசன் தன் அறிக்கையைக் கொடுத்தார். சத்துக்குறைவுதான் மக்களின் உடல் வலிமையைக் கெடுக்கும் பெரிய காரணம், அதற்கு மருந்தகத்தை மட்டும் பார்த்தால் போதாது, வயலையும் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். விஸ்வநாத் பிற்பாடு தில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக உயர்ந்தார்.

அதே 1926இல்தான் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் துத்தநாகம் இல்லாமல் செடி வளராது என்று நிரூபித்தார்கள். போரான் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால். செம்பு 1931இல். மாலிப்டினம் 1939இல். பயிர்களுக்கு நுண்ணூட்டம் என்று ஒரு தனி அறிவியல் அப்போதுதான் கண் திறந்துகொண்டிருந்தது. அந்த விடைகள் வருவதற்குள்ளாகவே மெக்கரிசன் கேள்வியைக் கேட்டுவிட்டார்.

வேர் எப்படி எடுக்கிறது?

இப்போது நமக்குத் தெரிந்தது இது. வைட்டமின்களைச் செடி மண்ணிலிருந்து எடுப்பதில்லை, தானே தயாரிக்கிறது. இரும்பு, துத்தநாகம், செம்பு, மாங்கனீசு, போரான் போன்றவற்றைச் செடியால் தயாரிக்க முடியாது. மண் கொடுத்தால்தான் உண்டு.

தேவை மிகக் குறைவு. தழை, மணி, சாம்பல் சத்துகளை கிலோ கணக்கில் எடுக்கும் நெல், துத்தநாகத்தைக் கிராம் கணக்கில்தான் எடுக்கும். ஆனால் அந்தச் சில கிராம் இல்லாவிட்டால் மற்ற கிலோக்கள் வீண்.

வேரின் நுனிக்குப் பின்னால் பஞ்சுபோல் இருக்கும் வேர்த்தூவிகள் வழியாகத்தான் பெரும்பாலும் சத்து உள்ளே போகிறது. மண்ணில் இருந்தால் மட்டும் போதாது, அது தண்ணீரில் கரைந்திருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். மண் காரத்தன்மை அடைந்தால் இரும்பும் துத்தநாகமும் கரையாத வடிவத்துக்குப் போய்விடும். பூட்டிய பீரோவில் பணம் இருப்பதுபோல.

செடிகள் சும்மா இருப்பதில்லை. தக்காளி, அவரை, செம்பருத்தி போன்றவை வேரைச் சுற்றி அமிலத்தன்மையைக் கூட்டி, இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றி உறிஞ்சும். நெல், கோதுமை, கேழ்வரகு போன்ற புல்வகைப் பயிர்களுக்கு வேறு வழி. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொருளை வேரிலிருந்து கசியவிட்டு, அது கவ்விய இரும்போடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். வேரோடு ஒட்டி வாழும் வேர் உட்பூசணம், வேர் எட்டாத இடத்துக்கும் நூலிழை நீட்டித் துத்தநாகத்தைக் கொண்டுவந்து தரும்.

எருவின் பங்கும் இங்கேதான் வருகிறது. மக்கிய எருவில் உள்ள அமிலங்கள் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொண்டு, கரையாமல் போய்விடாதபடி வைத்திருக்கும். எருவிலேயே கொஞ்சம் நுண்ணூட்டமும் உண்டு. மாறாக, மணிச்சத்து உரத்தை அளவுக்கு மேல் கொட்டினால் பயிருக்குத் துத்தநாகம் கிடைப்பது குறையும். தண்ணீர் கட்டி நிற்கும் நெல்வயலிலும் துத்தநாகம் எளிதில் கிடைக்காது. அதனால்தான் தமிழ்நாட்டில் நெல் நடவுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் போடச் சொல்கிறார்கள்.

எது நின்றது, எது நிற்கவில்லை?

மெக்கரிசனின் கோவைச் சோதனை பின்னால் பெரிய அலையை எழுப்பியது. இயற்கை வேளாண்மைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஆல்பர்ட் ஹோவர்ட் அதைத் தன் வாதத்துக்குத் துணையாக எடுத்துக்கொண்டார். 1939இல் இங்கிலாந்தின் செஷயர் மாவட்ட மருத்துவர்கள் மண்ணையும் மக்கள் உடல்நலத்தையும் இணைத்து அறிக்கை விட்டபோது, மெக்கரிசனும் ஹோவர்டும் அந்தக் கூட்டத்தில் பேசினார்கள். கில்கிட்டுக்கு அப்பால் உள்ள ஹுன்சா மக்களின் ஆரோக்கியத்தைப் பற்றி அவர் எழுதியதைப் பிடித்துக்கொண்டு, அவர்களுக்கு நோயே வராது என்கிற அளவுக்குக் கதை கட்டியவர்களும் உண்டு.

அதெல்லாம் சரி, எருவில் விளைந்தால் எப்போதுமே சத்து அதிகமா? அப்படிப் பொதுவாகச் சொல்ல முடியாது. ரகம், மண், பருவம், தண்ணீர் எல்லாம் சேர்ந்துதான் தானியத்தின் சத்தைத் தீர்மானிக்கும். எருவே போட்டாலும், மண்ணில் துத்தநாகம் அறவே குறைந்திருந்தால் வெளியிலிருந்து கொடுக்கத்தான் வேண்டும். ஒரு காலத்துச் சில சோதனைகளை வைத்து எல்லா ரசாயன உரமும் விஷம் என்று முடிவு கட்டுவதும் சரியில்லை. ஆனால் விளைச்சலின் எடையை மட்டும் பார்த்து மண் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதே என்ற அவருடைய அடிப்படைக் கருத்து இன்றும் நிற்கிறது.

அதற்குக் காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. வயிறு நிறையச் சோறு இருக்கிறது. சோற்றில் இரும்பு போதவில்லை. நெல்மணியில் இரும்பு அதிகம் இருப்பது தவிட்டுப் பகுதியில். வேர் பாடுபட்டு எடுத்து மணிவரை கொண்டுவந்ததில் பெரும்பங்கை மில்லில் நாமே உரித்துவிடுகிறோம்.

மாடித் தொட்டிக்குத் திரும்பினால்

தென்சென்னைப் புறநகரில் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். வாளியில் வெள்ளை உப்புப் படியும் கடினநீர். அதையே மாதக்கணக்கில் ஊற்றினால் தொட்டி மண் காரத்தன்மை அடையும். இரும்பு பூட்டிக்கொள்ளும். துளிர் மஞ்சளாகும். அந்த நேரத்தில் யூரியா போட்டால் பிரயோஜனம் இல்லை.

செய்ய வேண்டியது எளிது. துளிர் இலை வெளிறி நரம்பு பச்சையாக இருந்தால் இரும்பைச் சந்தேகிக்கலாம். அடி இலை முழுவதும் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. இரும்புக் குறைக்கு, அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் என்ற அளவில் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளிக்கலாம். இது உடனடி நிவாரணம். நிரந்தர வழி, மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ தவறாமல் சேர்ப்பதும், முடிந்தபோது மழைநீரை ஊற்றுவதும். தொட்டியில் தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டினாலும் இதே மஞ்சள் வரும் என்பதால், முதலில் வடிகால் துளையைப் பார்த்துவிடுங்கள்.

சமையலறையிலும் ஒரு பாடம் உண்டு. அரிசியைப் பல தண்ணீர் கழுவுவது, கஞ்சியை வடித்துக் கொட்டுவது இரண்டும் மிச்சம் இருக்கும் சத்தையும் குறைக்கும். கேழ்வரகு, கம்பு, கீரை, பருப்பு ஆகியவை வாரத்தில் சில நாளாவது தட்டில் இருந்தால், மெக்கரிசனின் மதராஸி எலி நிலை நமக்கு வராது.

கடைசிக் காலம்

1928இல் பள்ளி மாணவர்களும் படிக்கும்படி உணவைப் பற்றி எளிமையான ஒரு சிறுநூலை மெக்கரிசன் எழுதினார். 1933இல் சர் பட்டம் கிடைத்தது. 1935இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பி, ஆக்ஸ்ஃபோர்டில் குடியேறினார். 1936இல் லண்டனில் ஊட்டச்சத்தும் நாட்டு நலமும் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1960 மே 18 அன்று காலமானார்.

அவருக்குப் பின் குன்னூர் ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பேற்ற ஆக்ராய்ட், இந்திய உணவுகளின் சத்து அளவுகளைப் பட்டியலிட்டு 1937இல் வெளியிட்டார். நம் ஊர் மருத்துவர்கள் பல தலைமுறையாகப் பயன்படுத்திய உணவுச் சத்துப் பட்டியல்களுக்கு அதுவே முன்னோடி. 1958இல் ஆய்வுக்கூடம் குன்னூரிலிருந்து ஹைதராபாத்துக்குப் போனது. 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் மாறியது. கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய உரச் சோதனை நூறு ஆண்டுகளைத் தாண்டியும் நடந்துவருகிறது. அங்கே இப்போது விளைச்சலை எடைபோடுவதோடு நிறுத்துவதில்லை. மண்ணில் துத்தநாகமும் இரும்பும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றும் பார்க்கிறார்கள்.